மாற்றுப் பாதை

"என்னங்க, அந்த ஆள் மறுபடியும் அடுப்படியில நிக்கிறான்."

படுக்கையறைக் கதவைத் தாழிட்டு, அது போதாதென்று நாற்காலியையும் முட்டுக் கொடுத்துவிட்டு, டீச்சர் போனில் கிசுகிசுத்தாள்.

மறுமுனையில் கணவர். சாலை போடும் இன்ஜினீயர். அவள் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டு, ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியதிலிருந்து மனிதர் வெளியூர் வேலை என்று போனோடு சரி. துணைக்கு ஓர் ஆளை அனுப்பியிருக்கிறேன் என்கிறார். வந்தவன் முதல் நாள் பேச வாயெடுத்தான். அவள் போட்ட சத்தத்தில் அடங்கியவன்தான், அதற்கப்புறம் ஊமைச்சாமி.

"உங்க செருப்பைப் போட்டுக்கிறான், உங்க சட்டையைப் போட்டுக்கிறான். போலீஸுக்குச் சொல்லப் போறேன்."

"சொல்லலாம்மா. முதல்ல மாத்திரையைப் போடு. காலையிலேருந்து பட்டினி."

"அவன் கையால பச்சைத் தண்ணிகூடக் குடிக்க மாட்டேன்."

அந்த மாத்திரை மட்டும் தப்பவே கூடாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். கணவர் தனக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைக் கையில் எடுத்தார். இன்றைக்கும் எனக்கு மூளைப் பாடம் எடு என்றார், தாழ்ந்த குரலில்.

நர்சிங் கல்லூரியில் அவள் வருஷக்கணக்காக நடத்துகிற பாடம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். குரல் தானாக நிமிர்ந்தது. கண் பார்ப்பது முதலில் மூளையின் பின்மண்டைப் பகுதிக்குப் போகும், அங்கிருந்து காதுக்கு உள்பக்கம் இருக்கிற மூளைப் பகுதிக்கு ஒரு நரம்புப் பாதை, இது இன்னார் முகம் என்று பிடிபடுவது அங்கேதான் என்றாள்.

"உங்க பாஷையில சொன்னா, அங்கேருந்து உள்ளே ஒரு கிளை ரோடு போகுது, பாசம் சுரக்கிற இடத்துக்கு. இது நம்ம ஆளுன்னு மனசு அசையறது அதாலதான்."

"அந்தக் கிளை ரோடு அறுந்துட்டா?"

"முகம் தெரியும், சொந்தம் தெரியாது. கூட இருக்கிறவங்க பாடு பாவம்."

"மாற்றுப் பாதை கிடையாதா டீச்சர்?"

"மக்கு. முன்னாடியும் இதையேதான் கேட்டீங்க. காதுக்குத் தனி ரோடு இருக்குன்னு சொல்லலியா? குரல் அது வழியா நேரே போய்ச் சேர்ந்துடும்."

"அறுந்த ரோடு சரியாகுமா?"

"ஆகலாம். பக்கத்துல இருக்கிறவங்களுக்குப் பொறுமை வேணும்."

எனக்காக ஒரே ஒரு தம்ளர் பால், கூட அந்த மாத்திரை என்று கணவர் கெஞ்சினார். இந்த மனுஷன் கெஞ்சினால் அவளுக்குத் தாங்காது. சரி என்று போனை வைத்தாள்.

கதவு மெல்லத் தட்டப்பட்டது. நாற்காலியை நகர்த்தித் திறந்தாள். அந்த ஆள், அவள் கண்ணைப் பார்க்காமல், பாலையும் மாத்திரையையும் நீட்டினான்.

"எங்க வீட்டுக்காரர் சொன்னதுக்காகத்தான் குடிக்கிறேன்," என்றாள் கறாராக.

அவன் தலையாட்டினான். அதே நெற்றி, மூக்கோரத்தில் அதே மச்சம். என் புருஷன் முகத்தை அச்சு அசலாக எங்கிருந்து திருடினானோ என்று அவள் முறைத்தாள். அவன் சட்டைப் பையிலிருந்து எட்டிப் பார்த்த, இன்னும் அணையாத போன் திரையில், அவளுடைய படம் சிரித்துக்கொண்டிருந்தது.