சொந்த செல்

நோய் எதிர்ப்பியல் வாய்மொழித் தேர்வு. நடுநிலைக்கே தான்தான் இலக்கணம் என்று மார்தட்டும் பேராசிரியர், போன முறை ஒரே ஒரு மார்க்கில் அவளைக் கவிழ்த்திருந்தார். இந்த முறையும் கவிழ்ந்தால் ஒரு வருடம் அம்போ.

"வெள்ளையணுவோட வேலை என்னம்மா?"

"வெளியாளைக் கண்டுபிடிச்சு அடிக்கிறது, சார்."

"ஆள் தெரியாம சொந்த செல்லையே அடிச்சா?"

"அது ஆட்டோஇம்யூன் வியாதி, சார்."

"புத்தகத்துல இல்லாத உதாரணம் ஒண்ணு சொல்லு, பாப்போம்."

"போன தடவை நீங்க என்னை ஃபெயிலாக்கினது, சார்."

வெளியூரிலிருந்து வந்திருந்த இன்னொரு தேர்வாளர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

பேராசிரியர் அசடு வழிய மார்க் போட்டார்.

"பாஸ். இன்னிக்காவது உங்கம்மாவை என்கூடப் பேசச் சொல்லு!"