ஒருநாள் பட்டினி

பக்கத்துக் குளத்தில் கொடுவா மீன்கள் தம்மைத் தாமே சுற்றிச் சுற்றிச் செத்து மிதந்தன. தங்கள் குளத்துக்கு அந்த நோய் வருமுன் தடுப்பு மருந்தைத் தீனியில் கலந்து போட்டுவிட வேண்டும் என்று துடித்தான் வேதரத்தினம்.

"ஒரு தடவைக்குத்தான் மருந்து கெடச்சிருக்கு. நாளைக்குக் காலையில போடுவோம். இன்னைக்குப் பட்டினி கெடக்கட்டும், அப்பத்தான் ஒண்ணு விடாம முழுங்கும்" என்றான் மனைவி அஞ்சம்மாளிடம்.

அஞ்சம்மாள் கரையில் நடந்தாள். அவள் நிழல் போன பக்கமெல்லாம் நீருக்கடியில் வெள்ளி மேகம் ஒன்று கூடவே வந்தது. அவள் நின்றால் அதுவும் நின்றது. எண்ணற்ற வாய்கள் சத்தமில்லாமல் திறந்து மூடின. அன்று முழுக்கப் பொறுத்துக்கொண்டாள். விடிந்ததும் அவள் கை தானாக வழக்கமான தீனி மூட்டைக்குள் போயிருந்தது. ஒரு கைப்பிடிதான். பிறகு இன்னொன்று. மூட்டை எப்போது காலியானது என்று அவளுக்கே தெரியவில்லை.

சற்றுப் பொறுத்து வந்த வேதரத்தினம் மருந்துத் தீனியை வீசினான். செந்நிற உருண்டைகள் நீர்மேல் பரவி அப்படியே கிடந்தன.

"ஏன் புள்ள எடுக்க மாட்டேங்குது? நோவு வந்துருச்சா?"

அவள் இடுப்பளவு நீரில் இறங்கி, தினமும் தீனிக்கு அழைக்கும் அலுமினியத் தட்டைத் தட்டினாள். மீன்கள் வந்தன. வயிறு நிறைந்த குழந்தைகளைப் போல அவள் முழங்காலில் உரசிக்கொண்டு நின்றன. அவற்றின் தலைக்கு மேல் உருண்டைகள் ஊற, சிவப்பு மருந்து நீரில் கரைந்துகொண்டிருந்தது.

"ஒரேயொரு வாய்" என்று கெஞ்சினாள்.

கூட்டத்தின் ஓரத்தில் ஒரு மீன் மட்டும் மெல்ல வட்டமடிக்கத் தொடங்கியது.