உறை பிரிக்காத புத்தகம்

ரன்வெய்க் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்த புத்தகத்தைப் பார்த்ததும், இரண்டு பேர் தள்ளி வரிசையில் நின்ற ஸ்டைன்வோர் கழுத்தை நீட்டி அட்டையைப் படித்தாள்.

'தும்மத் தெரியாத பூதம்.' ஸ்டைன்வோர் எழுதிய முதல் புத்தகம்.

மேலே சுற்றிய பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படவில்லை.

கிறிஸ்துமஸ் கழிந்த மூன்றாம் நாள், ஐஸ்லாந்தின் அக்குரேய்ரியில் பாதி ஊர் இந்தப் புத்தகக் கடையில்தான் நிற்கும். பண்டிகைக்கு ஆளாளுக்குப் புத்தகம்தான் பரிசு கொடுப்பார்கள். ஒன்றே இரண்டாக வந்துவிட்டாலோ, பிடிக்காமல் போனாலோ, உறை பிரிக்காமல் கொண்டுவந்து கொடுத்துவிட்டு வேறு எடுத்துக்கொள்ளலாம். அதில் தப்பே இல்லை. ஸ்டைன்வோரும் அப்படி ஒன்றை மாற்றத்தான் வந்திருந்தாள்.

ஆனால் ரன்வெய்க் அடுத்த வீட்டுக்காரி. நேற்றுத்தான் நீச்சல்குளத்து வெந்நீர்த் தொட்டியில் கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்துகொண்டு, "உன் பூதக் கதை பிரமாதம்! என் பொண்ணு புத்தகத்தைக் கீழேயே வைக்கல" என்று சொன்னவள்.

புத்தகம் வந்து ஏழு வாரத்தில் ஸ்டைன்வோருக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அதுதான். பத்திரிகைகள் கண்டுகொள்ளவே இல்லை. சொந்த அண்ணன் "படமெல்லாம் நல்லாயிருக்கு" என்பதோடு நிறுத்திக்கொண்டான். படம் வரைந்தது வேறொருத்தி. இனியும் எழுதுவதா, பேசாமல் பல் மருத்துவமனை வேலையைப் பார்த்துக்கொண்டு இருந்துவிடுவதா என்று குழம்பிக் கிடந்தவள், ரன்வெய்க்கின் அந்த ஒரு வார்த்தையை நம்பி இன்று காலையில்தான் இரண்டாவது கதைக்கு முதல் வரி எழுதியிருந்தாள்.

"பதிலுக்கு என்ன எடுத்துக்கிறீங்க?" என்று கேட்டார் கடைக்காரர் ஊல்ஃபார்.

"குதிரைக் கதை ஏதாச்சும் இருந்தா கொடுங்க. பொண்ணுக்கு அதான் பிடிக்குது."

ஸ்டைன்வோருக்குப் பொறுக்கவில்லை. வரிசையை விட்டு வெளியே வந்தாள்.

"கீழேயே வைக்கலைன்னு சொன்னியே ரன்வெய்க்! கையிலேயே எடுக்கல போலிருக்கே!"

ரன்வெய்க்கின் முகம் சிவந்துபோயிற்று. இந்த ஊரில் வரிசையில் நிற்பவர்கள் குரல் உயர்த்திப் பேசுகிற வழக்கம் கிடையாது. பின்னால் நின்றவர்கள் எல்லோரும் திடீரென்று அடுத்த வருஷத்து நாட்காட்டிகளை வெகு அக்கறையாகப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

"அது வந்து... அவ சித்தி வாங்கிக் கொடுத்தது. இவ பூதம்னா வேண்டவே வேண்டாங்கறா."

"அப்ப அதைச் சொல்லியிருக்கலாமே!"

"எப்படிச் சொல்றது? 'படிச்சாளா, படிச்சாளா'ன்னு நீ என் வாயையே பார்த்துக்கிட்டிருந்தே. இல்லைன்னு சொல்ல மனசு வரல."

"பொய் சொல்ல மட்டும் மனசு வந்துச்சாக்கும்! மூணு வருஷம் உட்கார்ந்து எழுதினேன். ஒரு பக்கத்தைப் புரட்டிட்டு நல்லாயில்லைன்னு சொல்லியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன். படிக்காமலே புகழ்றது இருக்கே, அது திட்டறதைவிட மோசம். ஒரு எழுத்தாளருக்கு இதைவிட அவமானம் கிடையாது, தெரிஞ்சுக்கோ."

தன்னை எழுத்தாளர் என்று அவள் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டது அதுதான் முதல் தடவை. இருந்த கோபத்தில் அவளே அதைக் கவனிக்கவில்லை.

ரன்வெய்க் கடைக்காரர் பக்கம் திரும்பினாள்.

"அதைத் திருப்பிக் கொடுங்க, ஊல்ஃபார். நான் மாத்தல."

புத்தகத்தை வாங்கிக்கொண்டு போய் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தாள். உறையைக் கிழித்தாள். முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தாள்.

வரிசையில் முன்னால் நின்ற கிழவர், ஸ்டைன்வோரின் முகத்தைப் பார்த்துப் பயந்தாரோ என்னவோ, தன் மீன்பிடிப் புத்தகத்தோடு ஒதுங்கிக்கொண்டு, "நீ முதல்ல போம்மா" என்றார். அவருக்கு முன்னால் நின்ற பெண்ணும் தலையாட்டி வழிவிட்டாள்.

அப்போது ஜன்னல் பக்கமிருந்து 'க்ளுக்' என்று ஒரு சிரிப்புக் கேட்டது. ரன்வெய்க்தான். பூதம் மிளகுப்பொடியை முகர்ந்து பார்க்கிற இடமாக இருக்கும். நிஜமான சிரிப்பு. ஸ்டைன்வோருக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. இவ்வளவு பேசியிருக்க வேண்டாமோ என்றுகூடத் தோன்றியது. இரண்டாவது கதைக்கு அடுத்த வரியும் கிடைத்துவிடும் போலிருந்தது.

"உங்களுக்கு என்னம்மா மாத்தணும்?" என்றார் ஊல்ஃபார்.

அந்தச் சந்தோஷத்தில் பைக்குள் கையை விட்டவள், எடுக்காமல் அப்படியே நின்றாள்.

"இல்ல... நான் இன்னொரு நாள் வரேன்."

"என்ன, பை வாயில மாட்டிக்கிச்சா? இருங்க."

ஊல்ஃபார் எட்டி, தானே புத்தகத்தை உருவி எடுத்தார். உறை பிரிக்காமல் அப்படியே இருந்தது. அட்டையைத் திருப்பிப் பார்த்தவர், கடை முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னார்:

"அட, இது நம்ம ரன்வெய்க் எழுதின பாட்டுப் புத்தகமாச்சே! அவங்களுக்கும் இதுதானே முதல் புத்தகம்!"

இப்போது யாரும் நாட்காட்டி பார்க்கவில்லை.

ரன்வெய்க் தலையை நிமிர்த்தாமலே அடுத்த பக்கத்தைப் புரட்டினாள்.

"மாத்திக் கொடுத்துடுங்க, ஊல்ஃபார். எனக்கு நேத்தே தெரியும். 'உன் பாட்டைப் படிச்சு அழுதுட்டேன்'னு சொன்னா. நான் எழுதினது பூரா குழந்தைங்க விழுந்து விழுந்து சிரிக்கறதுக்கு."