அரக்கி வேஷம்

"மகிஷன் இல்லன்னா அம்மனோட பலம் ஊருக்கு எப்படித் தெரிஞ்சிருக்கும், சொல்லு?" என்று ஆதவன் கேட்டபோது அறிவுமதிக்குச் சிரிப்புதான் வந்தது.

கணவன் ஆதவனுக்குச் சென்னையில் வேலை. சனி, ஞாயிறுதான் வேங்கிக்கால் வீட்டுக்கு வருவான். நாலு வயது மகள் இனியா அவனிடம் ஒட்டவே இல்லை.

"நீ அரக்கியா வந்து பயமுறுத்து மதி. நான் காப்பாத்தறேன். அப்பதான் எங்கிட்ட ஒட்டுவா."

அவளுக்குப் பாவமாக இருந்தது. தலையை விரித்துப் போட்டு, பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு வந்தாள். இனியா அலறியபடி அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "அரக்கி, வெளிய போ" என்று அவன் கையை நீட்டியதும் அறிவுமதி வாசலுக்கு ஓடவேண்டும். வாராவாரம் இதே ஆட்டம்.

"ஏங்க, புள்ள ரொம்ப ஜாஸ்தியா பயப்படறா."

"அரக்கி பெருசா இருந்தாத்தான் அப்பா பெரிய ஆளு."

ஆதவன் விவாகரத்து கேட்டு வழக்குப் போட்டது அடுத்த வருடம்.

குடும்ப நீதிமன்றத்தின் ஆலோசகர் அம்மா குனிந்து கேட்டார். "யாரோட இருக்கணும்னு ஆச, கண்ணு?"

இனியா அப்பாவின் பின்னால் ஒளிந்தாள். "அம்மா அரக்கி."

அறிவுமதி ஆலோசகர் பக்கம் திரும்பினாள். "அது விளையாட்டுங்க மேடம். இவர்தான் அப்படி செய்யச் சொன்னாரு."

ஆதவன் மகளின் தலையைத் தடவினான். "பாத்தீங்களா மேடம்? பெத்த புள்ளய மிரட்டுனதுக்கும் நான்தான் காரணமாம்."

அறிவுமதி மகளிடம் போக எழுந்தாள்.

இனியா கையை நீட்டினாள். "அரக்கி, வெளிய போ."

பழகிப்போன கால்கள் வாசலைப் பார்த்து நடந்தன.