கொளுத்த வந்த இதழ்

துறைமுகக் கடற்கரையில் வெயில் சாய்ந்து, நிற்கும் கப்பல்களின் பக்கவாட்டில் மஞ்சளாக விழுகிறது. நாசரேத் பள்ளிக்கூட ஆசிரியர் கோயில்பிள்ளையும் துறைமுக குமாஸ்தா லிங்கராஜும் மணலில் குழி தோண்டிவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். முப்பது வருடமாக அவர்கள் வாசிக்கும் புயல்வேந்தன் காமிக்ஸில், இந்த மாதம் நாயகன் தன் முகமூடியைக் கழற்றி, இனி நீதான் புயல்வேந்தன் என்று ஒரு கறுத்த மீனவப் பெண்ணிடம் கொடுத்துவிட்டான். அதைக் கண்டித்து இதழைக் கொளுத்தி, வீடியோ எடுத்து, வாசகர் குழுவில் போடப்போகிறார்கள்.

"உங்க புஸ்தகத்தப் போடுங்க அண்ணாச்சி," என்கிறான் லிங்கராஜ், தீக்குச்சியைக் கையால் பொத்தியபடி.

"எம் புஸ்தகமா? ஒண்ணாம் நம்பர்ல இருந்து சேத்து வச்சிருக்கேன். நடுவுல ஒண்ணு விட்டுப்போச்சுன்னா செட்டு என்னத்துக்கு ஆவும்? ஒன்னோடத எரில."

லிங்கராஜ் பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும் தன் இதழை மடியில் இறுக்கிக்கொள்கிறான். குச்சி அணைகிறது. காற்று மணலை அள்ளி ஆசிரியரின் இதழ் அட்டையில் வீச, அவர் பதறிப்போய் வேட்டி நுனியால் துடைக்கிறார். துடைத்த கை அட்டையில் இருக்கும் அந்த மீனவப் பெண்ணின் முகத்தருகே நின்றுவிடுகிறது.

"ஒரு ஜெராக்ஸ் எடுத்து எரிச்சிருவோமா?" என்கிறான் லிங்கராஜ்.

"சரில. ஆனா கலர்ல எடு," என்கிறார் ஆசிரியர், அட்டையை விட்டுக் கண்ணெடுக்காமல். "கறுப்பு வெள்ளையில எடுத்தா புள்ள மொகத்துல உள்ள கம்பீரம் தெரியாதுல்லா."