அன்னபுஷ்பத்தின் சாட்சி

சுகமாகிவிட்டேன் என்று சொல்லிவிட்டால் இவர்கள் நாளைக்கும் வருவார்கள்; சொல்லாவிட்டால் யார் வருவார்கள்? பிள்ளைப்பாக்கத்து ஜெபக் கொட்டகையில் கம்பத்தோடு சாய்ந்திருக்கும் அன்னபுஷ்பத்துக்கு அது ஒன்றே யோசனை. பட்டணத்து டாக்டர்களே அரிதாகப் பார்த்த புற்றுநோய் அவளுக்கு ஈரல்வரை பரவிவிட்டது. ஓலை இடுக்கில் இறங்கும் மதிய வெயில் அவளுடைய வீங்கிய பாதத்தில் விழுகிறது. சபைப் பெண் சலோமி அதை மடியில் வைத்து எண்ணெய் தடவுகிறாள். கஞ்சி கொண்டுவருவதும் முதுகு துடைத்துவிடுவதும் இந்தச் சபைப் பெண்கள்தான். கஞ்சிராவின் ஒலி ஓய்கிறது. தூரத்து ரோட்டில் ஒரு லாரி முனகிக்கொண்டு போகிறது. பாஸ்டரம்மா அவளிடம் குனிகிறார்.

"எழுந்து சாட்சி சொல்லு சிஸ்டர். சொகமாயிட்டேன்னு மொதல்ல வாயால சொல்லணும். அப்பாலதான் சொகம் வரும்."

"நான் புடிச்சிக்கிறேன், எழுந்துருக்கா," என்கிறாள் சலோமி.

"விசுவாசம் இருந்தா இந்நேரம் எழுந்திருக்க மாட்டாளா?" பின்வரிசையில் யாரோ ஒருத்தி முணுமுணுக்கிறாள். "இவளுக்குப் போய் தெனம் கஞ்சி தூக்கினு ஓடுறோம்."

அல்லேலூயா சொல்ல உயர்ந்த கைகள் அந்தரத்தில் காத்திருக்கின்றன. வியர்வையும் தேங்காயெண்ணெயும் கலந்த வாசனை. அன்னபுஷ்பம் உலர்ந்த உதடுகளை நாவால் ஈரப்படுத்திக்கொள்கிறாள்.

"இல்லீங்கம்மா," என்கிறாள் மெதுவாக. "வலிக்குது. அத வேணா சொல்றேன்."