அக்காவுக்குத் தெரியக்கூடாது

"இஞ்சேருங்கோ, பின்னேரம் மட்டும் உங்கடை அக்காவை எங்கையாவது அனுப்பிவிடுங்கோ. அவ இஞ்சை நிண்டால் உந்தச் சம்பந்தம் சரிவராது."

மனைவி செல்வநாயகி சொன்னது கனகரத்தினத்துக்கும் சரியென்றுதான் பட்டது.

அக்கா சின்னாச்சி பக்கத்து வளவில்தான் இருந்தாள். சாவகச்சேரிப் பக்கம் முழுக்க அவள் வாய் பேர்போனது. யார் வீட்டு மருமகள் கோபித்துக்கொண்டு தாய் வீட்டுக்குப் போனாள், யார் கலியாணத்துக்கு இரவல் சங்கிலி போட்டார்கள் என்பதெல்லாம் காலையில் அவள் காதில் விழுந்தால், மத்தியானத்துக்கு முன் சந்தைக்குப் போய்விடும்.

நெல்லியடியிலிருந்து பரமலிங்கமும் மனைவியும் இன்றைக்குப் பெண் பார்க்க வருகிறார்கள். மாப்பிள்ளை வாத்தியார். வருகிறவர்களிடம் கனகரத்தினம் ஒரு விஷயத்தைச் சொல்லப்போகிறார்.

மகள் பத்மாசினி, கனகரத்தினமும் செல்வநாயகியும் பெற்ற பிள்ளை இல்லை.

கனகரத்தினம் மலாயாவில் ரயில்வேக் கிளாக்கராக இருந்து பென்சனோடு ஊருக்கு வந்தவர். அங்கே இருந்த காலத்தில் பக்கத்து வீட்டு இளையதம்பியும் அவன் பெண்சாதியும் ஒரே காய்ச்சலில் போய்விட்டார்கள். தொட்டிலில் கிடந்த குழந்தையைச் செல்வநாயகி தூக்கி வந்தாள். பிறகு கீழே விடவே இல்லை. அடுத்த லீவில் ஊருக்கு வந்தபோது, "எங்கடை பிள்ளை" என்று சொன்னார்கள். ஊரும் நம்பியது.

போன கிழமைதான் பத்மாசினிக்கே சொன்னார்கள். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. அடுத்த நாள் தானாக வந்து தகப்பனுக்குப் பக்கத்தில் இருந்தாள்.

"ஐயா, என்னைப் பெத்தவையின்ரை படம் ஏதும் இருக்கே?"

"இல்லைப் பிள்ளை."

"எப்பிடியான ஆக்கள்?"

"அவன் நல்லாப் பாடுவான். அவள் உன்னைப்போலத்தான். சிரிச்சால் கண் ரெண்டும் மூடிப்போகும்."

எழும்பப் போனவள் திரும்பவும் இருந்தாள்.

"மாப்பிள்ளை வீட்டுக்காரருக்குச் சொல்லிப்போடுங்கோ, ஐயா. பிறகு ஆரும் சொல்லி அவைக்குத் தெரியவந்தால், நான் அங்கை தலைகுனிஞ்சு நிக்கவேணும். எனக்கு ஏலாது."

அதற்கு மேல் அவரால் மறுக்க முடியவில்லை.

மத்தியானம் கனகரத்தினம் பக்கத்து வளவுக்குப் போனார்.

"அக்கா, எங்கடை குஞ்சியம்மா மானிப்பாய் ஆசுப்பத்திரியிலை படுத்திருக்கிறா. ஒருக்காப் போய்ப் பாத்திட்டு வாறியளே?"

"ஓம், போறன்."

ஏன் இன்றைக்கு, நீ ஏன் போகவில்லை என்று ஒரு கேள்வி இல்லை. குடையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். கனகரத்தினத்துக்கே ஆச்சரியம்.

பின்னேரம் விருந்தாளிகள் வந்து விறாந்தைக் கதிரைகளில் இருந்தார்கள். பத்மாசினி கோப்பி கொண்டுவந்து கொடுத்துவிட்டு உள்ளே போனாள். கதவுக்குப் பின்னாலேயே நின்றாள் என்பது எல்லோருக்கும் தெரிந்தது.

கனகரத்தினம் சொல்லத் தொடங்கினார். பாதியில் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கிவிட்டார். மிச்சத்தைச் செல்வநாயகிதான் சொல்லி முடித்தாள்.

பரமலிங்கம் தோளில் கிடந்த சால்வையை எடுத்து மடியில் வைத்து மடித்தார்.

"உங்களுக்கு விருப்பமில்லையெண்டால் சொல்லுங்கோ" என்றார் கனகரத்தினம், நிலத்தைப் பார்த்தபடி. "நாங்கள் குறை நினைக்கமாட்டம்."

"பிள்ளைக்குத் தெரியுமே?" என்று கேட்டார் பரமலிங்கம்.

"ஓம். அவள்தான் சொல்லச் சொன்னவள்."

பரமலிங்கம் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் தலையாட்டினாள்.

"அப்ப ஆவணியிலை ஒரு நாளைப் பாப்பம்" என்றார் அவர்.

கதவுக்குப் பின்னால் காப்புகள் குலுங்கிய சத்தம் கேட்டது. செல்வநாயகி சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கனகரத்தினம் ஆறிப்போன தன் கோப்பியை ஒரே மூச்சில் குடித்து முடித்தார். பிறகுதான் அந்தப் பயம் ஞாபகத்துக்கு வந்தது.

"உங்களை ஒண்டு மட்டும் கேக்கிறன். உந்தக் கதை எங்கடை அக்காவின்ரை காதுக்குப் போகக்கூடாது. அவவுக்குத் தெரிஞ்சால் நாளைக்கு ஊர் முழுக்கத் தெரியும். பிள்ளை வெளியிலை இறங்கேலாது."

பரமலிங்கம் இருமினார். அவர் மனைவிதான் கோப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்.

"சின்னாச்சி அக்காவோ? நீங்கள் பிள்ளையோடை லீவிலை வந்து இறங்கின அண்டைக்கே அவவுக்குத் தெரியுமாம். பிள்ளை பசியிலை கத்தேக்கை, உங்கடை மனிசி பால் குடுக்காமல் தகரப்பாலைத் தேடினவவாம். அஞ்சு பெத்தவவுக்கு விளங்காதே?"

கனகரத்தினமும் செல்வநாயகியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அது... உங்களுக்கு ஆர் சொன்னது?" என்றார் கனகரத்தினம்.

"அவவேதான். சம்பந்தக் கதை தொடங்கின உடனை, தனிய பஸ் ஏறி எங்கடை வீட்டுக்கு வந்தவ. 'தம்பி எப்பிடியும் உங்களுக்குச் சொல்லுவான். தெரிஞ்ச மாதிரிக் காட்டாதேங்கோ. ஆனால் பிள்ளையை வந்து பாத்திட்டு, அதைக் கேட்டாப்பிறகு நீங்கள் எழும்பிப் போனால் அவள் தாங்கமாட்டாள். விருப்பமில்லையெண்டால் இப்பவே சொல்லுங்கோ, அவையின்ரை வாசல் படலையடிக்கு வராதேங்கோ' எண்டு சொன்னவ. நாங்கள் ஓமெண்டு சொல்லுமட்டும், எங்கடை வீட்டிலை ஒரு மிடறு தண்ணி குடிக்கேல்லை."